உடைத்துச் செதுக்கக்கூடிய கல்லைத் தேடுவது: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லை அடித்துச் சில்லெடுத்துக் கத்தியும் சுரண்டியும் அம்புமுனையும் செய்து பார்க்கிறவன் நான். இரும்பு வருவதற்கு முன் மனிதர் செய்த வேலை இது. இதைக் கேள்விப்பட்டவர்கள் வளவில் கண்டது, கிணற்றில் எடுத்தது, கடற்கரையில் பொறுக்கியது என்று கற்களைச் சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எல்லாக் கல்லும் உடையும்தானே? இதில என்ன விசேஷம்?

எல்லாக் கல்லும் உடையும். ஆனால் நாம் நினைத்த பக்கம் உடையாது. கருங்கல்லைச் சுத்தியலால் அடித்தால் மணிமணியாகக் கொட்டும். சில கற்கள் மட்டும் கண்ணாடி மாதிரி உடையும். அடித்த இடத்தில் இருந்து விசை அலையாகப் பரவி, ஓரம் கூரான மெல்லிய சில்லொன்று கழன்று வரும். அந்தச் சில்லின் உட்பக்கத்தைப் பார்த்தால் மட்டிச் சிப்பியின் முதுகில் இருக்கிற மாதிரி வளைவு வளைவாகக் கோடுகள் தெரியும். நான் இதைச் சிப்பி முறிவு என்று சொல்வேன். தடித்த போத்தல் அடி உடைந்து கிடந்தால் எடுத்துப் பாருங்கள், அதே வளைவு இருக்கும்.

இப்படி உடைய மூன்று குணம் வேண்டும். மணி மிக நுண்மையாக, அல்லது மணியே இல்லாமல் இருக்கவேண்டும். கல் முழுக்க ஒரே சீராக இருக்கவேண்டும். கடினமாகவும் இருக்கவேண்டும். சிக்கிமுக்கிக்கல், அது சேர்ந்த செர்ட் இனம், அகேற், ஜாஸ்பர், எரிமலைக் கண்ணாடி, நல்ல குவாட்ஸ் (சிலிக்கா என்ற பொருளாலான கடினக் கனியம்) எல்லாம் இந்த வகை. எரிமலைக் கண்ணாடி தவிர்ந்த மற்றவை குவாட்ஸும் அதன் நுண்வடிவங்களும்தான். எரிமலைக் கண்ணாடியிலும் பெரும்பங்கு சிலிக்காவே.

யாழ்ப்பாணத்தில உது கிடக்கோ, இல்லையோ? ஒரே சொல்லில சொல்லுங்கோ.

நிலத்தோடு நிலமாக, பாறையாக, நான் கண்டதில்லை. குடாநாட்டின் அடியில் இருப்பது பல மில்லியன் ஆண்டுப் பழமையான, மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். கடலடியில் படிந்து இறுகியது. அதன் மேல் வலிகாமத்தில் செம்பாட்டு மண், கரையோரத்தில் மணல். கீரிமலைக் கேணியில் நன்னீர் ஊறுவதும், நிலாவரைக் கிணறு அவ்வளவு ஆழமாக இருப்பதும் இந்தக் கல் நீரில் கரைந்து குகையும் வெடிப்புமாகக் கிடப்பதால்தான். காங்கேசன்துறையில் சீமெந்துக்காக வெட்டியதும் இதே கல்தான்.

உலகில் பல இடங்களில் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளேயே செர்ட் உருண்டைகள் உருவாகியிருக்கும். இங்கிலாந்தின் வெண்சுண்ணப் பாறைகளில் சிக்கிமுக்கிக்கல் வரிசை வரிசையாகக் கிடக்கிறது. அதனால் இங்கேயும் கண்ணைத் திறந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் "இது செர்ட்" என்று என்னிடம் கொண்டுவந்த வெள்ளைக் கற்கள் எல்லாம் தேசிக்காய்ப் புளி பட்டதும் நுரைத்துவிட்டன. வெளியிலிருந்து வந்த கல் குடாநாட்டுக்குள் நிறைய உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

நான் எடுத்த கல்லு சுண்ணாம்புக்கல்லோ வேறயோ எண்டு வீட்டிலயே பாக்க ஏலுமோ?

ஏலும். முதலில் கல்லின் ஒரு மூலையைத் தட்டிப் புதுமுகம் எடுங்கள். வெளித்தோலை நம்பவேண்டாம், அதில் மண்ணும் சுண்ணமும் ஒட்டியிருக்கும். அந்தப் புதுமுகத்தைப் பேனாக்கத்தியால் கீறுங்கள். கத்தி பதிந்து வெள்ளைத் தூள் விழுந்தால் அது மெதுவான கல். கல்லில் ஒன்றும் ஆகாமல் கத்தியின் இரும்பு கறுப்புக் கோடாக ஒட்டினால், கல் கத்தியைவிடக் கடினமானது. கனியங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோ அளவில், சுண்ணாம்புக்கல்லில் உள்ள கல்சைற்று 3, போத்தல் கண்ணாடி ஏறக்குறைய 5½, குவாட்ஸும் செர்ட்டும் 7.

அடுத்தது, கீறி விழுந்த தூளின் மேல் தேசிக்காய்ப் புளி அல்லது வினாகிரி இரண்டு துளி விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. கட்டியான கல்லில் நுரை மெதுவாகத்தான் வரும். தூளில் உடனே தெரியும். கடைசியாக, கல்லின் புதுக்கூரை வெறும் போத்தலில் அழுத்தி இழுங்கள். விரலால் துடைத்தாலும் போகாத கீறல் விழவேண்டும். மூன்று சோதனையிலும் தேறினால் கல்லை வைத்துக்கொள்ளலாம். கையில் தூக்கிப் பாரம் பார்த்து முடிவு செய்யவேண்டாம். குவாட்ஸும் கல்சைற்றும் கிட்டத்தட்ட ஒரே பாரம்.

கிணறு வெட்டேக்க பளபளக்கிற கண்ணாடிக் கல்லு வந்தது. உது குவாட்ஸ்தானே?

இந்தக் கேள்வியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். எங்கள் பாறையின் பொந்துகளில் நீர் வடிந்து வடிந்து கல்சைற்றுப் படிகம் வளர்ந்திருக்கும். அலவாங்கு பட்டு உடைந்தால் அது வைரம் மாதிரி மினுங்கும். அது சுண்ணாம்பின் படிகம், குவாட்ஸ் அல்ல.

உடைந்த முகத்தைப் பாருங்கள். கல்சைற்று சாய்ந்த பெட்டி போல மட்டமான முகங்களாக உடையும். அதை மேலும் உடைத்தாலும் அதே சாய்சதுரத் துண்டுகள்தான் வரும். குவாட்ஸ் ஒழுங்கில்லாமல், வளைவாக உடையும். பிறகு மேலே சொன்ன கத்தியும் புளியும். அழகான கல், மேசையில் வையுங்கள். ஆனால் அதில் கத்தி செய்ய வராது.

அப்ப எங்கதான் தேடுறது?

முதலில் கிறவலைப் பாருங்கள். ஒழுங்கை போடவும் வளவு நிரவவும் வன்னிப் பக்கமிருந்து லொறியில் வருகிற சிவந்த கிறவலில் இரும்புக்கல் உருண்டைகளோடு குவாட்ஸ் கூழாங்கற்களும் கலந்திருக்கும். பெரும்பாலும் பால்வெள்ளை, சில மங்கலான சாம்பல், எப்போதாவது தேன்நிறத்தில் ஒளி ஊடுருவுகிற ஒன்று. மழை பெய்து அடுத்த நாள் காலை போங்கள். மண் கழுவுப்பட்டுக் கற்கள் மினுங்கும், வெயில் சாய்வாக விழும்போது இன்னும் தெளிவாகத் தெரியும். சொந்தக்காரரிடம் கேட்டு, குவியலின் அடிவாரத்தில் பாருங்கள். பெரிய கற்கள் உருண்டு அங்கேதான் சேரும். எனக்கு முதல் நல்ல குவாட்ஸ் கிடைத்தது அயல்வீட்டுக்காரர் கேற்றடிக்குக் கொட்டிய கிறவலில். ஒரு முட்டை அளவு, வெடிப்பே இல்லை. இன்றும் அந்தக் கல்லின் கடைசித் துண்டு என்னிடம் இருக்கிறது.

ஆனையிறவு தாண்டினால் கதை மாறும். பெருநிலத்தில் கொஞ்சம் தெற்கே போகப்போகச் சுண்ணாம்புக்கல் முடிந்து, மிகப் பழைய உருமாறிய பாறைகள் தொடங்கும். அந்தப் பாறைகளில் வெள்ளை நரம்பாகக் குவாட்ஸ் ஓடும். பாறை அழிந்தாலும் நரம்பு அழியாது. அதுதான் ஆற்றுப்படுகையிலும் வயல்கரையிலும் கூழாங்கல்லாகக் கிடக்கிறது. கனகராயன் ஆறு மாதிரி மழை ஆறுகளின் படுகைகள் கோடையில் காய்ந்து கிடக்கும்போது அங்கே ஒரு காலைநேரம் நடந்தாலே போதும். ஆனால் பாதுகாப்பைப் பற்றிய பதிலைக் கீழே படிக்காமல் போகவேண்டாம்.

கடற்கரையில உருண்டை உருண்டையா வெள்ளைக் கல்லு கிடக்கே?

கீரிமலை, காங்கேசன்துறை, பருத்தித்துறைப் பக்கம் கிடப்பவை பெரும்பாலும் முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அலையில் உருண்டவை. முருகைக்கல்லில் நுண்துளைகள் தெரியும். எதற்கும் தேசிக்காயைக் கையோடு கொண்டுபோங்கள்.

கருங்கல் சல்லி, ரயில் பாதைக் கல்லு? அது கடினம்தானே?

கடினம்தான். ஆனால் முதல் கேள்விக்குச் சொன்ன மூன்று குணத்தில் முதல் இரண்டும் அதற்கு இல்லை. கருங்கல் என்று நாங்கள் சொல்வது பல கனியங்கள் பெரிய மணிகளாகப் பின்னிய பாறை. அடிக்கிற விசை ஒவ்வொரு மணியிலும் திசைமாறிப் போகும். அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற இளஞ்சிவப்பு, வெள்ளைக் கனியம் போத்தலைக்கூடக் கீறும். அதனால் போத்தல் சோதனை மட்டும் போதும் என்று நினைக்கவேண்டாம். அதன் உடைந்த முகம் முகம்பார்க்கும் கண்ணாடித்துண்டு மாதிரி மட்டமாகப் பளிச்சிடும், வளையாது.

சல்லிக்குள் சிலவேளை தனிக் குவாட்ஸ் துண்டு வரும். ஆனால் கல் நொறுக்கி இயந்திரம் கொடுத்த அடியால் உள்ளே வெடிப்பு நிறைந்திருக்கும். ரயில் பாதையில் இருந்து கல் எடுப்பது குற்றம், ஆபத்தும்கூட. அங்கே போகவே வேண்டாம்.

கறுப்புக் கண்ணாடிக் கல்லு, படத்தில அம்புமுனை செய்யிறது, அது இலங்கையில இருக்கோ?

அது எரிமலைக் குழம்பு சட்டென்று குளிர்ந்து உண்டாகிறது. இலங்கையில் இளம் எரிமலைகள் இல்லை. வளவில் கறுப்பாகக் கண்ணாடி மாதிரி எதையாவது கண்டால் அது பழைய போத்தல் அடியாகவோ, உலைக்கசடாகவோ இருக்கும். கசடில் காற்றுக்குமிழித் துளைகள் இருக்கும்.

பத்துக் குவாட்ஸ் பொறுக்கினா, நல்லது எது எண்டு என்ன மாதிரி தெரிவு செய்யிறது?

காதையும் கண்ணையும் பாவியுங்கள். கல்லை விரல்நுனிகளில் தளர்வாகப் பிடித்து இன்னொரு கூழாங்கல்லால் மெல்லத் தட்டுங்கள். கிண் என்று ஒலித்தால் உள்ளே முழுமை. உடைந்த சட்டியைத் தட்டியது போல டப் என்றால் வெடிப்பு. சந்தையில் மண்சட்டி வாங்குகிற அம்மாமார் இதை எங்களைவிட நன்றாகச் செய்வார்கள்.

பிறகு கல்லை நனைத்து ரோச் லைற்றை அடியில் பிடியுங்கள். ஒளி சீராகப் பரவினால் நல்லது. உள்ளே வெள்ளி நூல் மாதிரி மின்னினால் அது வெடிப்பு. சீனி மாதிரி மணிமணியாகத் தெரிகிற கல்லைத் தள்ளிவையுங்கள். பால்வெள்ளையைவிட ஒளி புகும் கல் நன்றாக உடையும். செர்ட் கிடைத்தால் அது மெழுகு மாதிரி மங்கலாகத் தெரியும், மெல்லிய ஓரத்தில் மட்டும் ஒளி புகும். அளவும் முக்கியம். முட்டையைவிடச் சிறிய கல்லைக் கையில் பிடித்து அடிப்பது தொடக்கக்காரருக்குச் சரிவராது.

நல்ல குவாட்ஸ்தான், ஆனா அடிச்சா நொறுங்குது. பிழை கல்லிலயோ என்னிலயோ?

உங்களில் பிழை இல்லை. நரம்புக் குவாட்ஸ் செர்ட் மாதிரி நீளச் சில்லு தருவது அரிது. அதற்கு வேறு முறை. அகலமான கருங்கல்லொன்றைப் பட்டறைக்கல்லாக வைத்து, குவாட்ஸை அதன் மேல் நட்டுப் பிடித்து, மேலிருந்து நேராக அடியுங்கள். விசை மேலும் கீழுமாக இரண்டு பக்கமிருந்தும் போய்க் கல் பிளக்கும். சிறிய, மிகக் கூரான சில்லுகள் வரும். இலங்கையின் ஆதி மனிதரும் சிறு குவாட்ஸ் கற்களை இப்படித்தான் பிளந்தார்கள். களுத்துறை மாவட்டத்துப் பாகியன் குகையில் கிடைத்த குவாட்ஸ் நுண்கருவிகளில் பழையவை சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முந்தியவை. அவர்களிடமும் இதே பிடிவாதமான கல்தான் இருந்தது.

விரல்களைக் காப்பாற்ற, கல்லைச் சாக்குத் துண்டால் சுற்றிப் பிடியுங்கள். அடிக்கிறது இரும்புச் சுத்தியல் அல்ல, உருண்டையான கடினக் கூழாங்கல். இரும்பு அடி சில்லின் ஓரத்தை நசுக்கிவிடும்.

நெருப்பில சுட்டா கல்லு இளகுமாம், உண்மையே?

செர்ட்டுக்கு உண்மை. மணலுக்குள் புதைத்து, மெதுவாக 200 முதல் 350 பாகை செல்சியஸ் வரை சூடேற்றி, மெதுவாகவே ஆறவிட்டால் அது இன்னும் கண்ணாடித்தன்மையோடு உடையும். அவசரப்பட்டால் வெடித்துச் சிதறும். ஈரக்கல் இன்னும் ஆபத்து. நரம்புக் குவாட்ஸுக்கு இதனால் பயனில்லை, வெடிப்புத்தான் கூடும். சுண்ணாம்புக்கல்லைச் சூளைச் சூட்டில் சுட்டால் என்ன ஆகும் என்று யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கிடைக்கும்.

வன்னிப் பக்கம் காட்டுக்குள்ள போய்த் தேடலாமோ?

தயவுசெய்து இதை இரண்டு தரம் படியுங்கள். முகமாலை, கிளாலி, நாகர்கோவில் பக்கங்களில் போர்க்காலத்து மிதிவெடிகள் மிக அடர்த்தியாகப் புதைக்கப்பட்டிருந்தன. பல ஆண்டுகளாக அகற்றி வருகிறார்கள். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை எங்கே கண்டாலும் அதுதான் எல்லை. பலகை இல்லை என்பதற்காகப் பற்றைக்குள் இறங்கவும் வேண்டாம். மழையில் கல் மட்டுமல்ல, வெடிபொருளும் வெளியே வரும். கல் தேடுகிறவர் கண் எப்போதும் நிலத்தில் இருப்பதால் அவரே முதலில் காண்பார். கண்டால் தொடவேண்டாம், எறிந்து பார்க்கவும் வேண்டாம். வந்த காலடியிலேயே திரும்பி வந்து பொலிசுக்குச் சொல்லுங்கள்.

என் வழக்கம் இது: மக்கள் தினமும் நடக்கிற பாதை, உழுகிற வயல், குளிக்கிற ஆற்றுக்கரை. இதைவிட்டு நான் விலகுவதில்லை. ஊரவர் ஒருவரைக் கேட்டே இறங்குவேன். ஒரு கல்லுக்காகக் காலைக் கொடுக்கவேண்டியதில்லை.

இஞ்ச ஆதி மனிதர் இருந்தவையோ? கல்லே இல்லாத ஊரில எப்படி?

எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். கிளிநொச்சியின் இரணைமடுப் பெயரிலேயே புவியியலார் ஒரு படிவை அழைக்கிறார்கள். அடியில் சரளைக்கல், மேலே செம்மணல். அந்தச் சரளைக்குள்ளும் மணலுக்குள்ளும் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. மாங்குளமும் இப்படிக் கற்கருவி கிடைத்த இடம். தென்கரையில் புந்தலப் பக்கம் இதே வகைப் படிவொன்றைத் தொல்லியலாளர் சிரான் தெரணியகல சுமார் 1,25,000 ஆண்டுப் பழமையானது என மதிப்பிட்டார்.

கடலையும் யோசியுங்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறக்குறைய 120 மீற்றர் கீழே இருந்தது. பாக்குநீரிணை அப்போது நிலம். அக்கரையில் தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிச் செம்மணலிலும் செர்ட், குவாட்ஸ் நுண்கருவிகள் கிடைத்திருக்கின்றன. கல் இல்லாத இடத்துக்குக் கல்லைச் சுமந்துகொண்டு போவது மனிதர் எப்போதும் செய்த வேலை. இதை நினைக்கும்போது எனக்கு மனம் நிறைந்துவிடும். அதனால்தான் அடுத்த பதிலில் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கிறேன்.

நான் எடுத்த சில்லு மனிசர் செய்ததோ, தானா உடைஞ்சதோ? மனிசர் செய்ததெண்டா வைச்சிருக்கலாமே?

தானாக உடைந்த கல்லில் முறிவுகள் கண்ட கண்ட திசையில் இருக்கும். மனிதர் எடுத்த சில்லில் அடி விழுந்த சிறு மேடையும், அதன் கீழே விரல் நகத்தின் மேடு மாதிரி ஒரு புடைப்பும், புடைப்பில் இருந்து விரியும் வளைவுகளும் இருக்கும். முதுகில் முன்னர் எடுத்த சில்லுகளின் தழும்புகள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். ஓரத்தில் சீரான சிறுகொத்தல் இருந்தால் சந்தேகம் இன்னும் குறையும். குவாட்ஸில் புடைப்பு தெளிவாக வராது. அதனால் ஒரு துண்டை மட்டும் வைத்து முடிவெடுக்கவேண்டாம். பல துண்டுகள் ஓரிடத்தில் கிடந்தால்தான் பொருள்.

வைத்திருக்கக்கூடாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, மண்ணுக்குள் கிடக்கும் தொல்பொருள் அரசுக்குரியது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் அகழவும் முடியாது. ஆனால் சட்டத்தைவிடப் பெரிய காரணம், அந்தச் சில்லு எங்கே, எந்த மண்படையில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் கதை இருக்கிறது. எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது வெறும் கூர்க்கல். கிடந்தபடியே படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு நாணயத்தை அளவுக்கு வையுங்கள், தொலைபேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், தொல்பொருள் திணைக்களத்துக்கோ பல்கலைக்கழக வரலாற்றுத்துறைக்கோ அறிவியுங்கள்.

ஒரு கல்லும் கிடைக்கேல்லை. பழக வழியே இல்லையோ?

போத்தலின் தடித்த அடி இருக்கிறதே. அதைவிடச் சீரான பொருள் காட்டிலும் கிடைக்காது, சிப்பி முறிவும் அப்படியே வரும். உடைந்த பழைய மலசலகூடப் பீங்கானும் நல்லது, நன்றாகக் கழுவிப் பாவியுங்கள். ஓரத்தை அழுத்திச் செதுக்க, தடித்த செம்புக்கம்பித் துண்டை மரப்பிடியில் செருகினால் போதும், ஹாட்வெயார் கடையில் கிடைக்கும். வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டுகிற மான்கொம்பைத் தேடிப் போகவேண்டாம், இங்கே அது சட்டச் சிக்கல்.

கண்காப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு அடியும் அடிக்கவேண்டாம். திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி இருங்கள். குவாட்ஸ் தூள் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற மாறாத நோயைத் தரும். முகக்கவசம் போடுங்கள், உடுப்பை உதறாமல் தோயுங்கள்.

பிள்ளையளுக்குப் பழக்கலாமே?

தேடுவதையும் சோதிப்பதையும் எந்த வயதிலும் பழக்கலாம். தேசிக்காய் நுரைப்பதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்துக்காகவே செய்யலாம். அடிக்கிற வேலை பதின்மூன்று, பதினான்கு வயதுக்குப் பிறகு, பெரியவர் பக்கத்தில் இருக்க மட்டும்.

அடிச்சு மிஞ்சின சில்லுகளை வளவுக்குள்ள கொட்டலாமோ?

கூடாது, இரண்டு காரணம். எங்கள் வளவுகளில் வெறுங்காலோடுதான் நடக்கிறோம், கோழிகளும் கிளறும். அதனால் படங்கை விரித்து அதன் மேல் இருந்தே அடியுங்கள். முடிந்ததும் நான்கு மூலையையும் சேர்த்துத் தூக்கி ஒரு தகரப் பேணிக்குள் கொட்டுங்கள்.

மற்றக் காரணம் பலருக்குத் தோன்றாது. நீங்கள் இன்று எடுத்த குவாட்ஸ் சில்லுக்கும் பல ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் எடுத்த சில்லுக்கும் முகத்தில் வித்தியாசம் மிகக் குறைவு. ஐம்பது வருடம் கழித்து ஆய்வாளர் ஒருவர் உங்கள் வளவில் அதைக் கண்டால் தவறாகக் கணக்கிடுவார். நான் என் கழிவைப் பேணியில் போட்டு, ஆண்டு பொறித்த நாணயமொன்றையும் உள்ளே போட்டு மூடி வைக்கிறேன். பேணி நிரம்பினால் கொங்கிறீற்றுப் போடுகிற மேசனிடம் கொடுத்துவிடுவேன், அத்திவாரத்துக்குள் போய்விடும். செய்து முடித்த கருவிகளின் அடியில் கண்ணாடி கீறும் ஊசியால் ஆண்டைக் குறிக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.